வயல்காட்டு வீட்டுக்குக் கம்பம் இழுப்பதா, சோலாரிலேயே இருந்துவிடுவதா?

மதுராந்தகம் பக்கம் ஒரு ஏக்கர், உத்திரமேரூர் பக்கம் அரை ஏக்கர், ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு மாந்தோப்பு என்று சென்னைக்காரர்கள் நிலம் வாங்குவது அதிகமாகிவிட்டது. வாங்கி, வேலி போட்டு, நாலு தென்னங்கன்று வைத்த பிறகுதான் அங்கேயே ஒரு சின்ன வீடு கட்டினால் என்ன என்று தோன்றும். அப்போதுதான் தெரியவரும், கிட்டத்தில் கம்பம் இல்லை, ஊராட்சிக் குழாய் அந்தப் பக்கம் வராது, சாக்கடைக்கு வழியே கிடையாது என்று. உடனே ஒருவர் "சோலார் போட்டுடுங்க சார், இ.பி.யே வேண்டாம்" என்பார், இன்னொருவர் "அதெல்லாம் வேலைக்கு ஆகாது, கம்பம் இழுத்துடுங்க" என்பார். இரண்டுமே சிலருக்குச் சரி. யாருக்கு எது என்பது இரண்டே விஷயத்தில் அடங்கும்: கடைசிக் கம்பம் உங்கள் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், வருஷத்தில் எத்தனை ராத்திரி நீங்கள் அங்கே தூங்கப் போகிறீர்கள். ஆனால் அதற்கும் முன்னால் தண்ணீர். கரண்ட் இல்லாத நிலத்தில் வீடு கட்டிவிடலாம், தண்ணீர் இல்லாத நிலத்தில் கட்டினால் அது வீடு இல்லை, ஒரு ஷெட்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதை யோசிப்பதே இல்லை. வயலில்தான் வீடு வேண்டுமா? அதே ஊரில் நத்தத்தில், அதாவது ஊர்க்காரர்கள் குடியிருக்கும் பகுதியில், ஒரு பழைய ஓட்டு வீடோ காலி மனையோ கிடைத்தால், வாசலிலேயே கம்பம், குழாயிணைப்பு, பால்காரர், மளிகைக்கடை எல்லாம் இருக்கும். வயலுக்கு நடந்து போய்விடலாம். ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் வந்த பிறகு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்ற கணக்கில் வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்துவருகிறார்கள், அது நத்தத்துக்குத்தான் வரும், உங்கள் புஞ்சைக்கு வராது. அறுபதைத் தாண்டியவர்கள், ராத்திரி ஒரு அவசரம் என்றால் கூப்பிட ஆள் வேண்டும் என்று நினைப்பவர்கள், இதை முதல் வாய்ப்பாக வைத்துக்கொள்ளலாம். தனிமைக்காகவே போகிறோம் என்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். நாலு வழி உண்டு: போர், திறந்த கிணறு, மழைநீர், லாரி. சென்னையில் பழகிய கையோடு போர்தான் முதலில் ஞாபகம் வரும். ஆனால் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கமெல்லாம் பெரும்பாலும் கெட்டிப் பாறை. அங்கே தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் இருக்கும், வெடிப்பில் ஊசி இறங்கினால் உண்டு, இல்லையென்றால் முன்னூறு அடி போனாலும் புழுதிதான் பறக்கும், அதற்கும் அடிக்கணக்கில் காசு கொடுத்தாக வேண்டும். பக்கத்து நிலத்துக்காரருக்கு நூறடியில் தண்ணீர் வந்தது உங்களுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவரைக் கூப்பிடாமல் அங்கே யாரும் போர் போடுவதில்லை, கூப்பிடுங்கள், ஊரோடு ஒத்துப் போவதில் தப்பில்லை, ஆனால் கூடவே வேளாண்மைப் பொறியியல் துறையிலோ தனியாரிடமோ, மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி நீர் இருக்கும் இடத்தைக் கணிக்கும் நில மின்தடை ஆய்வையும் எடுத்துவிடுங்கள். ஊத்துக்கோட்டை, பொன்னேரி பக்கம் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து போட்ட மணலும் வண்டலும் இருக்கிறது, அங்கே தண்ணீர் கிடைப்பது சுலபம், ஆனால் கடலை நெருங்க நெருங்க உப்பு. ஈ.சி.ஆர். ஓரத்தில் நிலம் வாங்குபவர்கள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று வராதீர்கள், ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். மே மாதத் தண்ணீரைக் கொடுங்கள், டிசம்பர் தண்ணீரை அல்ல.

ஏரிப் பாசனத்துக்குக் கீழே உள்ள நிலம் என்றால் என் ஓட்டு திறந்த கிணற்றுக்குத்தான். ஏரியில் தண்ணீர் நிற்கும் வரை கிணறும் ஊறிக்கொண்டே இருக்கும், ஆழம் கம்மி என்பதால் சின்ன மோட்டார் போதும், மோட்டார் நின்றாலும் வாளியும் கயிறும் வேலை செய்யும். போரில் அந்த வசதி இல்லை. மண் பாங்கான இடமென்றால் சிமெண்ட் உறை இறக்கி வேலையைச் சுருக்கமாக முடித்துவிடலாம், பாறை என்றால் வெடி வைத்துத் தோண்டுவது பெரிய செலவு, அங்கே போர்தான். போர் போட்டாலும் நீர்மட்டம் ரொம்ப ஆழத்தில் இல்லையென்றால் ஒரு அடிபம்பு சேர்த்து வையுங்கள். நம் ஊர் பழைய வீடுகளில் அதை எடுத்துப் போட்டுவிட்டு 2019 கோடையில் எத்தனை பேர் தேடினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது.

மழைநீரை எல்லோரும் நிலத்தடிக்கு அனுப்பும் விஷயமாக மட்டும் பார்க்கிறார்கள், ஏனென்றால் சென்னையில் நாம் செய்தது அதைத்தான். வயல்காட்டு வீட்டில் அதைக் குடிநீராகப் பாருங்கள். சென்னை வட்டாரத்தில் வருஷத்துக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டர் வரை பிடிக்கலாம். சிக்கல் என்னவென்றால் அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும், குளிக்கத் துவைக்க எல்லாவற்றுக்கும் சேமிக்க வேண்டுமென்றால் வீட்டளவுக்குத் தொட்டி கட்ட வேண்டும். ஆனால் குடிக்க, சமைக்க மட்டும் என்றால் இரண்டு பேருக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பத்து லிட்டர், எட்டு மாதத்துக்கு 4800 லிட்டர். வெளிச்சம் படாத 5000 லிட்டர் தொட்டி ஒன்று போதும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மணலும் கரியும் போட்ட வடிகட்டி வழியாக இறக்கி, குடிக்கும்முன் காய்ச்சிக்கொள்ளலாம். இதைச் செய்தால் ஆர்.ஓ. மெஷின் வேண்டாம். அதுவும் ஒரு லாபம்தான், ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும் பொருளைத் தண்ணீர் கம்மியான இடத்தில் வைப்பதில் அர்த்தமில்லை.

லாரித் தண்ணீரை நம்பி வீடு கட்டாதீர்கள். கோடையில் காசு கேட்பார்கள், ஐப்பசி கார்த்திகையில் மண்பாதையில் லாரியே இறங்காது. அவசரத்துக்கு மட்டும்.

சரி, இப்போது கரண்ட். கம்பம் இழுப்பதென்றால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். வீட்டு இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது இடத்தின் ஆவணம் கேட்பார்கள், வீட்டு வரி ரசீது வேண்டும் என்பார்கள், அதற்கு ஊராட்சிக்குப் போக வேண்டும், அங்கே கட்டட அனுமதி எங்கே என்பார்கள். இந்தச் சுற்றை நிலம் வாங்கும் முன்பே விசாரித்துவிடுவது நல்லது. தாழ்வழுத்த லைனில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே சுமாராக 40, 50 மீட்டர் இருக்கும். கடைசிக் கம்பத்திலிருந்து உங்கள் வீடு நூறு, நூற்றைம்பது மீட்டர் என்றால் மூன்று நாலு கம்பம், யோசிக்கவே வேண்டாம், இழுத்துவிடுங்கள். அரைக் கிலோமீட்டர் என்றால் கதை வேறு. செலவை விட்டுவிடுங்கள், நடுவே இருக்கும் நிலத்துக்காரர்கள் தங்கள் வரப்பில் கம்பம் நட ஒத்துக்கொள்ள வேண்டும். பங்காளித் தகராறில் இருக்கும் ஒரு நிலம் நடுவில் வந்தால் போதும், வருஷக்கணக்கில் ஆகும். இன்னொன்று, ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து ரொம்பத் தள்ளி லைனின் வாலில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கித்தான் வரும், பக்கத்து வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ஃபேன் சோம்பலாகச் சுற்றும், உங்கள் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகும்.

இங்கே ஒரு குறுக்கு வழியை யாராவது சொல்லித் தருவார்கள்: விவசாய இணைப்பு வாங்கி, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு வயர். வேண்டாம். அது பயிருக்கு இலவசமாகக் கொடுக்கும் மின்சாரம், வீட்டுக்கு எடுப்பது 2003 மின்சாரச் சட்டப்படி அனுமதியில்லாத பயன்பாடு, பிடிபட்டால் உரிய கட்டணத்தைப் போல இருமடங்கு கணக்குப் போடுவார்கள். அந்த இலவச இணைப்புக்கே காத்திருப்புப் பட்டியல் நீளம்.

கம்பம் வந்துவிட்டால் அதன் பெரிய பலம் மாதச் செலவு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சனி ஞாயிறு மட்டும் போய்த் தங்கும் வீட்டில் அந்த நூறைத் தாண்டுவதே கஷ்டம். அதாவது வார இறுதி வீட்டுக்கு இ.பி. பில் கிட்டத்தட்ட இல்லை. அதே வீட்டில் சோலாரும் பேட்டரியும் போட்டால், வாரத்தில் ஐந்து நாள் பேட்டரி நிரம்பி, பேனல் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே அங்கே சோலார் மிச்சம் பிடிக்கும் என்று யாராவது கணக்குக் காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். சோலாரைப் போட ஒரே காரணம் கம்பம் வராது என்பதாக இருக்க வேண்டும், அல்லது வந்த கரண்ட் நிற்காது என்பதாக.

இனி சோலார் மட்டும் என்றால் எவ்வளவு? உங்கள் வீட்டு லோடை முதலில் எழுதுங்கள். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சாதாரண ஃபேன் 75 வாட், கரண்ட் கம்மியாக எடுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டி. அப்படி மூன்று ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டும் கொஞ்சமும். எல்.இ.டி. பல்புகள் கால் யூனிட். சின்ன ஃப்ரிட்ஜ் ஒரு யூனிட்டுக்குள். லேப்டாப், போன், வைஃபை அரை யூனிட். மிக்ஸி கணக்கில் வராது. மோட்டார் அரை மணி முக்கால் மணி ஓடினால் அரை யூனிட்டுக்கு மேல். எல்லாம் சேர்த்து மூன்றரை யூனிட். இந்தப் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக தினம் நாலு யூனிட் தரும், அப்படியென்றால் ஒரு கிலோவாட்டே போதும் என்று தோன்றும், விற்பவர்களும் அதையே சொல்வார்கள். போதாது. சராசரி என்பதில் மே மாதமும் இருக்கிறது, நவம்பரும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நாலைந்து நாள் மூடிக்கொண்டு கிடக்கும்போது கால்பங்குகூட வராது. இரண்டு கிலோவாட் போடுங்கள், அதாவது 540 வாட் பேனல் நாலு. பேனல் இப்போது மலிவு, அதில் தாராளமாக இருக்கலாம், கஞ்சத்தனம் பார்க்க வேண்டிய இடம் பேட்டரி.

பேட்டரியில் இரண்டு கட்சி. நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி, பெயருக்கு 1.8 யூனிட், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் சுருங்கும், அதனால் கையில் வருவது 0.9 தான். ஒரு ராத்திரிக்கு இரண்டு யூனிட் வேண்டும் என்றால் மூன்று, மழைநாளையும் சேர்த்தால் நாலு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், நாலைந்து வருஷத்தில் மாற்ற வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 5 யூனிட் அளவில் ஒன்று வாங்கினால் நாலைக் கவலையில்லாமல் எடுக்கலாம், பத்து வருஷத்துக்கு மேல் வரும், ஆனால் மொத்தச் செலவில் பெரிய துண்டை அதுவே தின்றுவிடும். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு லித்தியம், சந்தேகமே இல்லை. ட்யூபுலருக்கு ஒரு நல்ல குணம், செய்யூரிலோ திருக்கழுக்குன்றத்திலோ பழுதானால் அங்கேயே ஆள் கிடைப்பார், பழைய பேட்டரியை எடைக்கு எடுத்துக்கொள்வார்.

ஏ.சி.யை நான் வேண்டுமென்றே கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கும், எட்டு மணி நேரம் என்றால் மேலே சொன்ன வீட்டைப் போல இரண்டு வீடு. பகலில் வெயில் இருக்கும்போது ஓட்டிக்கொள்ளலாம், ராத்திரி பேட்டரியில் ஓட்டுவது பணக்காரர் சமாச்சாரம். இண்டக்‌ஷன் அடுப்பு, கெய்சர், இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். ஏ.சி. இல்லாமல் வீட்டில் யாருக்குத் தூக்கம் வராது என்று கேட்டு, பதில் வந்த பிறகு முடிவெடுங்கள். கத்திரி வெயிலில் கேளுங்கள், மார்கழியில் எல்லோரும் வீரம் பேசுவார்கள்.

மோட்டார் இன்னொரு பொறி. ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போல நாலைந்து மடங்கு. அந்த ஒரு நொடிக்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்க வேண்டிவரும். அதற்குப் பதில் மோட்டாரைத் தனியாகப் பிரித்து, தன் பேனலில் பகலில் மட்டும் ஓடும் சோலார் பம்பாக வைத்துவிட்டு, மேலே 2000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றை நிறுத்துங்கள். இரண்டு பேருக்குப் பத்து நாள் தாங்கும். தண்ணீரைத் தொட்டியில் சேர்ப்பது கரண்டைப் பேட்டரியில் சேர்ப்பதைவிட எப்போதும் மலிவு. பயிரும் வைக்கிறீர்கள், கிணற்றுக்கு மின் இணைப்பு இல்லை என்றால் பி.எம். குசும் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக சோலார் பம்புக்கு 60 சதவீத மானியம் உண்டு, விசாரியுங்கள். ஆனால் வீட்டுக்கூரை சோலாருக்கு 78,000 ரூபாய் வரை கொடுக்கும் பி.எம். சூர்யா கர் மானியம் லைனோடு இணைந்த அமைப்புக்குத்தான். கம்பம் இல்லாத வீட்டுக்கு அது கிடைக்காது, கிடைக்கும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஜாக்கிரதை.

லைனோடு இணைந்த சோலார் பற்றி இன்னொரு தவறான எண்ணம்: கரண்ட் போனாலும் பேனல் கொடுக்கும் என்று. கொடுக்காது. லைனில் வேலை செய்யும் வயர்மேனைக் காப்பாற்ற அந்த இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும், நல்ல வெயிலிலும் வீடு இருட்டாக இருக்கும். பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் என்றால்தான் ஓடும். கம்பம் கிட்டே இருந்தும் அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால், என் கணக்கில் சிறந்தது இதுதான்: இ.பி. இணைப்பு, கூடவே ஒரு கிலோவாட் பேனல், ஃபேனும் லைட்டும் ஃப்ரிட்ஜும் மட்டும் தாங்கும் ஒரு பேட்டரி. 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு நகருக்குள்ளேயே பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, வயல்வெளியில் விழுந்த கம்பத்துக்கு எப்போது முறை வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2021-இல் அப்போதைய மின்துறை அமைச்சர் மின்தடைக்கு அணிலைக் காரணம் சொன்னபோது எல்லோரும் கேலி செய்தோம், தோப்பு வீட்டில் ஒரு மாதம் இருந்து பார்த்தால் கேலி கொஞ்சம் குறையும். அணிலும் எலியும் சோலார் வயரையும் விடாது, குழாய்க்குள் விட்டு இழுங்கள்.

பெட்ரோல் ஜெனரேட்டர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூனிட்டுக்கு 50 ரூபாயைத் தாண்டும், சத்தம் வேறு. மழைக்காலத்தில் பேட்டரியை ஏற்ற ஒன்று மூலையில் இருந்தால் நல்லது, அதை வைத்தே குடித்தனம் செய்ய முடியாது.

கழிவறைக்கு எல்லோரும் செப்டிக் டேங்க் கட்டிவிடுகிறார்கள், அது நிரம்பும்போது லாரி வர வேண்டும், மண்பாதையில் அது எப்படி வரும் என்று கட்டும்போது நினைப்பதில்லை. இரண்டு பேர், நாலு பேர் வீட்டுக்கு இரட்டைக் குழி முறையே நல்லது: இடைவெளி விட்டுக் கட்டிய இரண்டு செங்கல் குழி, ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பி, இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் உள்ளே எருவாகியிருக்கும். கிணற்றிலிருந்து முடிந்த வரை தள்ளி, தண்ணீர் ஓடும் சரிவுக்குக் கீழ்ப்பக்கமாக வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் நிற்கும் ஏரிக்கரை நிலத்தில் மட்டும் இது சரிவராது, அங்கே குழியைத் தரைக்கு மேலே உயர்த்த வேண்டும், அல்லது திருச்சி பக்கம் முசிறியில் போட்டதுபோல மலத்தையும் சிறுநீரையும் தனியாகப் பிரிக்கும் உலர் கழிவறை. குளியல், பாத்திரத் தண்ணீரைக் கழிவறைக் குழியில் விடாதீர்கள், நேராக வாழைக்கு.

சமையலுக்கு சிலிண்டர்தான். டெலிவரி வயல் வரை வராது, ஊரில் ஒரு வீட்டில் இறக்கிவைத்து பைக்கில் கொண்டுபோவார்கள், கையில் தூக்க 5 கிலோ சிலிண்டர் வசதி. சாண எரிவாயு ஆசை இருந்தால் மாட்டை எண்ணிக்கொள்ளுங்கள், ஒரு கனமீட்டர் வாயுவுக்கு தினம் 25 கிலோ சாணம், அதாவது இரண்டு மூன்று மாடு, அதில் மூன்று நாலு பேருக்குச் சமைக்கலாம். மாடு இல்லாமல் பக்கத்து வீட்டுச் சாணத்தை நம்பி ஆரம்பிப்பவர்களின் கலன் சீக்கிரமே காலியாகக் கிடக்கும். வெந்நீருக்குத் தோட்டத்தில் விழும் தென்னை மட்டையே போதும்.

ஆக, வார இறுதிக்கு மட்டும் போவதாக இருந்து கம்பம் இருநூறு மீட்டருக்குள் என்றால் இ.பி. வாங்கி, சின்ன இன்வெர்ட்டர் வைத்து நிறுத்திக்கொள்வேன். கம்பம் தூரம் என்றால் ஒரு கிலோவாட்டும் இரண்டு ட்யூபுலரும், ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஐஸ் பெட்டி போதும். அங்கேயே குடியேறுபவர்கள், கம்பம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஏ.சி. வேண்டாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால், இரண்டு கிலோவாட்டும் லித்தியமும் தாராளமாகத் தாங்கும், புதுச்சேரி பக்கம் ஆரோவில்லில் வருஷக்கணக்கில் அப்படி வாழ்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வரலாம். ஏ.சி. வேண்டும், கம்பமும் தூரம் என்றால் வேறு நிலம் பாருங்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதும் காசை மாற்றும். கட்டட வேலைக்கே தண்ணீரும் கரண்டும் வேண்டும், தற்காலிக இணைப்புக்கு யூனிட் விலை வீட்டு இணைப்பைவிட ரொம்ப அதிகம். அதனால் முதலில் கிணறு அல்லது போர், அதன் மேல் சோலார் பம்பும் தொட்டியும், பக்கத்தில் பூட்டுப் போட்ட ஒரு மோட்டார் ரூம், பிறகுதான் அஸ்திவாரம். மேஸ்திரியின் கட்டிங் மெஷினுக்கும் கலவை மெஷினுக்கும் வாடகை ஜெனரேட்டர் அவரே கொண்டுவரட்டும், விலை பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள். பேனல் நிற்கும் இரும்புச் சட்டத்தைக் கூரைக் கான்கிரீட் போடும்போதே தூணோடு சேர்த்து போல்ட் வைத்து இறக்கச் சொல்லுங்கள், பின்னால் துளை போட்டு மாட்டினால் ஒழுகும், புயலுக்கும் நிற்காது.